நெற்றிப் பருவும் ஒரு ஸ்தோத்திர காணிக்கையும்

சித்தூர்
2.7.1979

அன்புள்ள கிருபாவுக்கு ஜெயக்காவின் ஸ்தோத்திரம்.

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அப்புறம் எழுத வராது. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு முகப்பரு வந்திருக்கிறது. அதுவும் எங்கே? இரண்டு புருவத்துக்கும் நட்டநடுவில், நூல் பிடித்து வைத்த மாதிரி, செக்கச்செவேலென்று. நேற்று நற்கருணைக்கு முழங்கால் போட்டபோது பக்கத்தில் யார் என்கிறாய்? எங்கள் பெண்கள் சங்கச் செயலாளர் ஞானம்மாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, என் நெற்றியையே பார்த்தாள். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் மடக்கிவிட்டாள்.

"இன்னாடி சீலி, பொட்டு வச்சிக்கினு கர்த்தருடைய பந்திக்கு வந்துகீறே?"

"பொட்டு இல்லக்கா, பரு."

"பருவா? உன் வயசுக்கா?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், குங்குமம் என்றே நான் ஒப்புக்கொண்டிருக்கலாம். குங்குமத்துக்காவது பாவமன்னிப்பு உண்டு. வீட்டுக்கு வந்து பல்பொடியைக் குழைத்துத் தடவினேன். உன் மாமா பார்த்துவிட்டு, "நெத்தியிலயும் பல்லு முளைக்குதா?" என்று கேட்டார். அந்த மனிதரோடு நான் இருபத்தொரு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்புகிற கர்ப்பத்தடை மாத்திரையை ஈஸ்டரோடு நிறுத்திவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. தலை கனக்கிறது, சாயங்காலம் ஆனால் கால் வீங்குகிறது. பெண் வேலூரில் காலேஜ் படிக்கிறாள், பையனுக்கு மீசை வந்துவிட்டது. இனி எனக்கு எதற்கு அது? நிறுத்தியதிலிருந்து என் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. சீப்பில் வருகிற முடியைச் சேர்த்தால் ஒரு சவுரி கட்டலாம். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகி, தையல் டீச்சரான நானே என் ரவிக்கையைப் பிடித்துத் தைக்கிறேன். மாத விலக்கு ஈஸ்டருக்கு அப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லை. நான் முடிவு கட்டிவிட்டேன். கடை மூடியாகிவிட்டது. நிம்மதி.

மாமாவுக்கு இன்றுவரை மாத்திரை விஷயம் தெரியாது. புத்தலப்பட்டு ஹைஸ்கூலில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குப் போடுகிறவருக்குத் தன் வீட்டுக் கணக்கு தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். பருவுக்கு மட்டும் ஏதாவது களிம்பு அனுப்பு.

ஜெயசீலி


திருச்சானூர்
8.7.1979

ஜெயக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பாதியை விட்டுவிட்டு. அப்படியும் அம்மா சிரித்தார்கள்.

நான் எப்படி இருக்கிறேன் என்று அதில் ஒரு வரி இல்லை. பரவாயில்லை, பழகிவிட்டது. நம் குடும்பத்தில் யார் எனக்குக் கடிதம் போட்டாலும் முதல் வரியில் ஸ்தோத்திரம், இரண்டாவது வரியில் கர்ப்பப்பை. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பது என் தப்புதான்.

இப்போது கேள். இத்தனை நாள் உன் உடம்பு செய்ய வேண்டிய வேலையை மாத்திரை செய்துகொண்டிருந்தது. நீ நிறுத்தியதும் உடம்பு தூக்கம் கலைந்து, எங்கே விட்டோம் என்று தேடுகிறது. சிலருக்கு அடுத்த மாதமே மாத விலக்கு வந்துவிடும், சிலருக்கு மூன்று நாலு மாதம் இழுக்கும். பரு வரும், முடி கொட்டும், எல்லாம் தானாக அடங்கும். உன் ரவிக்கை தளர்ந்தது மாத்திரையால் உடம்பில் தேங்கியிருந்த நீர் வடிந்ததால். களிம்பு வேண்டாம். பல்பொடி வேண்டவே வேண்டாம். கிள்ளாதே.

ஆனால் கடை மூடிவிட்டது என்று நீயே தீர்ப்பு எழுதாதே. மாத விலக்கு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பெற்றவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரையை விட்டாயே, அதற்குப் பதில் என்ன ஏற்பாடு செய்தாய்? மாமாவிடம் நிரோத் உறை என்ற வார்த்தையையாவது சொன்னாயா? ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வா. சிறுநீர் டெஸ்ட் எடுத்துவிடலாம். இப்போதெல்லாம் தவளைக்கு ஊசி போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, சீக்கிரம் தெரிந்துவிடும்.

கிருபாவதி


சித்தூர்
18.7.1979

அருமைக் கிருபா,

நீ எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன். இனி என் கதை.

ஏற்பாடு என்ன என்று வக்கீல் மாதிரி கேட்டிருக்கிறாய். மூடின கடைக்கு எதற்குப் பூட்டு என்று விட்டுவிட்டேன். அவ்வளவுதான் என் ஏற்பாடு.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பக்கத்தில் சின்னம்மா இருந்தால் கடிதத்தை மடித்து வை. மாத்திரை சாப்பிட்ட காலமெல்லாம் உன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், விசிறியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றும். இப்போது அவர் ஸ்கூலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால் சாக்பீஸ் வாசனையும் வேர்வை வாசனையும் சேர்ந்து வருகிறது பார், அதை மோந்துகொண்டே அந்தச் சட்டையைத் துவைக்கப் போடாமல் கொடியிலேயே விட்டுவிடுகிறேன். மூக்கு அப்படி விழித்துக்கொண்டிருக்கிறது. கோபமும் விழித்துக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம், ஹெட்மிஸ்ட்ரஸிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன் மாமா சந்தோஷமாக இருக்கிறார். புத்தலப்பட்டு பஸ்ஸில் கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டே போகிறாராம். கண்டக்டர் சிட்டிபாபு வந்து, "சாருக்கு பிரமோஷன் கிட்சிச்சாம்மா?" என்று என்னிடம் கேட்கிறான். நான் என்ன பதில் சொல்ல?

போன வெள்ளிக்கிழமை ஸ்கூலில் பலாப்பழம் தின்றுவிட்டு வாந்தி எடுத்தேன். பலாப்பழம்தான், வேறொன்றுமில்லை. வீட்டுக்கார அம்மா ரத்னம்மா தெலுங்கிலே, "ஏமம்மா டீச்சரம்மா, ஏமைனா விசேஷமா?" என்று கேட்டுவிட்டு வாய்க்குள் சிரித்தாள். இருந்தாலும் பலாப்பழம்தான்.

ஸ்கூலில் இன்ஸ்பெக்‌ஷன், லீவு கிடைக்காது. ஆகவே நீ கேட்டதை ஒரு பாட்டிலில் பிடித்து சிட்டிபாபு கையில் கொடுத்தனுப்புகிறேன். பார்த்துச் சொல். அவன் துருவித் துருவிக் கேட்பவனாதலால் மேலே "தேன்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜெயக்கா


திருச்சானூர்
21.7.1979

ஜெயக்கா,

பாட்டில் வந்தது. நாள் முழுக்க பஸ் என்ஜின் பக்கத்தில் வெந்து, மறுநாள் என் கைக்கு வந்தது. சிட்டிபாபு அதைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "சிஸ்டர், டீச்சரம்மாகிட்ட சொல்லுங்க, இந்தத் தேன் கெட்டுப்போச்சி." எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். அவன் மோந்து பார்த்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன்.

இது ஊறுகாய் இல்லை, கொடுத்தனுப்ப. அந்தச் சரக்கை வைத்து எந்த லேபும் எதையும் சொல்லாது. கொட்டிவிட்டேன். எனக்கு உன் மேல் நிஜமாகவே கோபம். ஊர் வம்புக்கெல்லாம் முதல் வரிசையில் நிற்கிற நீ, உன் உடம்பு விஷயத்தில் மட்டும் தலையணைக்குள் முகம் புதைக்கிறாய். நேரில் வருவதானால் வா. இல்லையென்றால் எனக்குக் கடிதம் எழுதாதே.

கிருபாவதி


சித்தூர்
6.8.1979, திங்கள்

கிருபா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உன் மாமா வீட்டை விட்டுப் போய்விட்டார்.

நேற்று ஆராதனையில் போதகர் ஸ்தோத்திர காணிக்கைகளை வாசித்தார். உனக்குத் தெரியுமே, கவரின் மேல் யார், எதற்காக என்று எழுதிப் போட்டால் மேடையிலிருந்து படிப்பார்கள். பரீட்சை பாஸ், காணாமற்போன எருமை கிடைத்தது, பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று வாசித்துக்கொண்டே வந்தவர் அடுத்த கவரை எடுத்தார். "நமது சகோதரி ஜெயசீலி தியோடருக்கு ஆண்டவர் பிந்திய காலத்தில் கர்ப்பத்தின் கனியைக் கட்டளையிட்டதற்காக, பெண்கள் சங்கத்தின் சார்பில்..." மீதி என் காதில் விழவில்லை. சபை முழுக்க ஆமென் என்றது. ஞானம்மாள் என் பக்கம் திரும்பி, பெரிய உபகாரம் செய்தவள் மாதிரி தலையசைத்தாள். பரு, வாந்தி, ரத்னம்மாவின் வாய் மூன்றையும் கூட்டி அவளே ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறாள். இந்த ஊரில் என்னைக் கேட்காமல் என் வயிற்றுக்கு நன்றி சொல்கிறார்கள்.

ஆண்கள் பக்கத்தில் ஏதோ விழுந்தது. பார்த்தால் உன் மாமாவின் பாட்டுப் புத்தகம். அவர் குனிந்து எடுக்கவில்லை.

என்னை விட்டுவிட்டுத் தனியாக நடந்து வீட்டுக்குப் போனார். பிரியாணி ஆறிப்போனது. சாயங்காலம் வந்து எதிரில் நின்று, "சீலி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெசமா?" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உலகத்தில் எந்தப் புருஷனும் இப்படியா கேட்பான்? "நெசமா இருந்தா இன்னா? உங்களுக்கு சந்தோஷமில்லையா?" என்றேன். அவர் என்னை யாரோ மாதிரி பார்த்தார், கிருபா. இருபத்தொரு வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு போனார். ஸ்கூலுக்கு என்றுதான் நினைத்தேன். மத்தியானம் டிரிப் முடித்து வந்த சிட்டிபாபு, "சார் புத்தலப்பட்டுல எறங்கலம்மா, திருப்பதிக்கு டிக்கெட் வாங்கிக்கினாரு, இன்னிக்குப் பாட்டும் இல்ல" என்றான்.

நான் ஏன் டெஸ்டுக்கு வரவில்லை என்று இப்போது சொல்கிறேன். பார்க்காத வரைக்கும் இரண்டும் இல்லை என்று இருந்தேன். பயம்தான். நாற்பத்திரண்டு வயதில் மறுபடி தொட்டில் கட்டவும் பயம், எல்லாம் முடிந்துபோனவள் என்று எழுதிக்கொள்ளவும் பயம். வேடிக்கையாக எழுதினால் பயம் தெரியாது என்று வேடிக்கையாக எழுதினேன்.

யாராவது அவரிடம் மாத்திரை விஷயத்தை ஊதியிருப்பார்களோ? மூன்று வருஷம் மறைத்தாயே என்ற கோபமாக இருக்குமோ? உன்னிடம் வந்தால் அதைச் சொல்லிவிடாதே. அவரை அனுப்பி வை. அது மட்டும் போதும்.

ஜெயசீலி


திருச்சானூர்
7.8.1979

ஜெயக்கா,

மாமா இங்கேதான் இருக்கிறார். முதலில் மூச்சு விடு. உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். இதைத் தபாலில் போடாமல் சிட்டிபாபு கையில் கொடுக்கிறேன். ஒட்டியிருக்கிறேன், பிரித்திருந்தால் சொல்.

நேற்று டியூட்டி முடிந்து வெளியே வந்தால் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில், பிள்ளை பெற்றவர்களின் புருஷன்மார் உட்காருகிற பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவன் அவருக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, அக்கா வரலையா?"

"ஒண்ணு கேக்கணும் கிருபா. சர்க்கார் டாக்டர் பண்ண ஆபரேஷன் புட்டுக்குமா?"

"இன்னா ஆபரேஷன்?"

எதிரே சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்த போர்டு இருந்தது. அதைக் கண்ணால் காட்டினார்.

அக்கா, நீ உட்கார்ந்துகொண்டு படி. மாமா எழுபத்தாறிலேயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டார். அந்த எமர்ஜென்சி வருஷத்தில் வாத்தியார்களெல்லாம் ஆளுக்கொரு கேஸ் பிடித்து வர வேண்டும் என்று நெருக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? "நானும் போய்க் கேட்டேன். என்னைப் பாத்தா ஊர்ல அவனவன் கம்பங்கொல்லைக்குள்ள பூந்து ஓடறான். எவனைப் புடிச்சி எவன் பாவத்தைக் கொட்டிக்கிறதுன்னு நானே போய்ப் படுத்துட்டேன்" என்றார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சீலிக்குத் தெரிஞ்சா ஞானம்மாவுக்குத் தெரியும், ஞானம்மாவுக்குத் தெரிஞ்சா பிரசங்க மேடைக்குத் தெரியும்." அதில் நீ கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காணிக்கை அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது உனக்குப் புரியும். "அவளைச் சந்தேகப்பட மனசு வரல. ஆபரேஷனைச் சந்தேகப்பட்டேன். ராத்திரியெல்லாம் அந்தச் சந்தேகத்தை இங்க கொஞ்ச நேரம், அங்க கொஞ்ச நேரம்னு மாத்தி மாத்தி வச்சிக்கினு கெடந்தேன். அவ மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். அழவில்லை. அந்த மிட்டாயைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை, கையிலேயே பிசுபிசுத்துப் போயிருந்தது.

அதனால் நான் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்று நீ எழுதியது அப்போது என்னிடம் வரவில்லை, வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். மாத்திரை, நிறுத்தியது, பரு, முடி, வராத மாத விலக்கு, தேன் பாட்டில், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பார், வாட்ச்மேன் வந்து, "பையனா சார்?" என்று கேட்கும் வரை நிற்கவில்லை.

இப்போது நர்ஸாகச் சொல்கிறேன். அந்த ஆபரேஷன் தவறுவது அபூர்வம், ஆனால் நடக்கும். ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் வா, இன்ஸ்பெக்‌ஷன் நாசமாகப் போகட்டும். மாமாவுக்கு வீட்டுக்கு வர வெட்கம். கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு அம்மாவுக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வந்து கூட்டிக்கொண்டு போ.

கிருபா


சித்தூர்
20.8.1979

என் கண்ணான கிருபாவுக்கு,

இந்தத் தடவை முதல் வரியிலேயே கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அன்றைக்கு உன்னைப் பார்த்தபோது இளைத்திருந்தாய். நான் என் வயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, பஸ் ஏறின பிறகுதான் அது உறைத்தது. தசராவுக்கு நீயும் சின்னம்மாவும் இங்கே வந்து இருங்கள். நான் சமைக்கிறேன், நீ எதையும் தொடக் கூடாது, எவள் நாடியையும் பிடிக்கக் கூடாது.

நீ லேபிலிருந்து வந்து "ஒண்ணுமில்லக்கா" என்றாயே, நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். சந்திரகிரி தாண்டின அப்புறம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு நாள் உன்னை ஒரு மாதிரி நெனச்சிட்டேன் சீலி" என்றார். "மூணு வருஷம் நான் உங்களை ஏமாத்தினேன்" என்றேன். "நானுந்தான்" என்றார். முன் சீட்டில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கை மேல் கை வைத்துக்கொண்டோம், பஸ்ஸில், பட்டப்பகலில். சிட்டிபாபு டிக்கெட் கேட்கவே வரவில்லை. மரியாதை தெரிந்த பையன், தேன் விஷயத்தில் நான் அவனுக்குக் கடன்பட்டவள்.

போன திங்கட்கிழமை மாத விலக்கு வந்தது. வந்தது என்றா சொல்வது? இத்தனை நாள் வாயைக் கட்டிப் போட்டிருந்தவள் அவிழ்த்து விட்டதும் பேசித் தீர்த்த மாதிரி. இடுப்பு இற்றுப்போனது. வலியில் சுருண்டு படுத்துக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது, கடை திறந்திருக்கிறது என்று. பரு அடங்கி ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் நிற்கிறது. நெற்றி ஓரத்தில் குட்டி முடி முளைத்துக் குத்திக்கொண்டு நிற்கிறது, எண்ணெய் போட்டாலும் படியவில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. மூக்கு இன்னும் அப்படியே விழித்திருக்கிறது. அதற்கு மேல் சின்னம்மா வீட்டுக்கு எழுத முடியாது.

ஞானம்மாள் விஷயம் கேள். சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் நானே எழுந்து நின்றேன். "சகோதரிகளே, என் வயிற்றில் ஒன்றுமில்லை. நான் மாத்திரை சாப்பிட்டேன், நிறுத்தினேன், நிறுத்தினால் உடம்பு இப்படியெல்லாம் ஆடும், பிறகு நிற்கும்" என்று ஒன்று விடாமல் சொன்னேன். மாமாவின் சங்கதி மட்டும் எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். ஞானம்மாள், "அப்போ நாங்க போட்ட காணிக்கை?" என்றாள். "அதான் கெடக்குதே அக்கா, யாருக்காவது ஆவும்" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் ஆர்மோனியப் பெட்டி பக்கத்தில் ஒருத்தி வந்து என் காதைக் கடித்தாள், உன் தங்கச்சி அட்ரஸ் கொடு என்று. அவள் போனதும் இன்னொருத்தி. மூன்றாவதாக வந்தது யார் தெரியுமா? ஞானம்மாளேதான். "மருமவளுக்குடி" என்றாள். கொடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் ஒவ்வொருத்தியிடமும், முதல் வரியில் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நான் இப்போது இந்த மாத்திரை விஷயத்தில் சபைக்கே ஒரு பண்டிதை. என்ன கேட்டாலும் பதில் உண்டு. நேற்றுக் காலை இட்லி தின்றுகொண்டே உன் மாமாவும் ஒன்று கேட்டார்.

"ஆமா சீலி, நீ எப்ப ஆரம்பிச்சே அதை?"

"எழுபத்தாறு கிறிஸ்துமஸுக்கு."

"அதுவரைக்கும் வேணாம்னு இருந்தவ, அப்ப மட்டும் ஏன்?"

நான் உண்மையைச் சொன்னேன். அதுவரை காலண்டரைப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, சந்தேகம் வந்தால் நடுவில் தலையணையைப் போட்டுக்கொண்டு படுக்கிற மனிதர் அவர். அந்த வருஷம் தசரா லீவுக்குப் பிறகு திடீரென்று காலண்டரையும் மறந்தார், தலையணையையும் மறந்தார், ஒரு பயமும் இல்லாமல் போய்விட்டார். அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் நான் உனக்கு எழுதி மாத்திரை கேட்டேன்.

அவர் இட்லியைக் கீழே வைத்தார்.

"அந்த தசரா லீவுலதான் சீலி, ஆபரேஷன் பண்ணிக்கினேன்."

ஜெயக்கா